குடை பில்டிங் சோலைமுத்து

சோலைமுத்து சுவரைப் புறங்கையால்தான் தொடுவார். உள்ளங்கையை அவர் நம்புவதில்லை. அதில் வேர்வை இருக்கிறது, முப்பத்தைந்து வருஷத்துக் காய்ப்பு இருக்கிறது. பெயிண்ட் காய்ந்ததா இல்லையா என்று அதற்கு என்ன தெரியும்? காலையில் எழுந்து, மோட்டாரைப் போட்டுவிட்டு மாடி ஏறும்போதே, காய்ச்சல்காரப் பிள்ளையின் கழுத்தைத் தொட்டுப் பார்ப்பதுபோல வலது புறங்கையைச் சுவரோடு ஒட்டினாற்போலக் கொண்டு போவார். கடைசியாகப் பெயிண்ட் அடித்து ஐந்து வருஷம் ஆகிறது என்பது அவருக்கும் தெரியும். கைக்குத்தான் தெரிவதில்லை.

ஷார்ஜா ரோலாவில், பஸ் நிலையத்துக்குப் பின்னால் இரண்டு தெரு தள்ளி இருக்கிறது அவர் பார்த்துக்கொள்ளும் கட்டடம். வாசல் மார்பிளில் ஓனரின் பெயரும், கட்டிக்கொடுத்த கம்பெனியின் பெயரும் பொறித்திருக்கின்றன. அந்தப் பெயர்களைச் சொன்னால் எந்த டாக்ஸிக்காரரும் நகரமாட்டார். ‘சத்ரி பில்டிங்’ என்றால் பாகிஸ்தானிக்குப் புரியும். ‘குடை பில்டிங்’ என்றால் நம்மவர்களுக்குப் புரியும். ஐந்து மாடிக்கும் ஒவ்வொரு ஜன்னலின் தலைமேலும் கான்கிரீட்டில் ஒரு குடை. பாதி விரித்து முன்பக்கம் சாய்த்துப் பிடித்த குடை. மொத்தம் அறுபத்து நாலு. ஏசி மாட்ட வருகிறவர்கள் அவற்றைத் திட்டாமல் போனதில்லை. உள்ளே குடியிருப்பவர்களுக்குத்தான் அருமை தெரியும். ஜூலை மாதத்து மத்தியானத்திலும் இந்த ஜன்னல்களில் திரை போடாமல் உட்காரலாம்.

விசாவில் சோலைமுத்துவின் வேலை ‘கிளீனர்’ என்று இருக்கிறது. பார்ப்பது எல்லா வேலையும்: பல்பு, குழாய், சாக்கடை அடைப்பு, லிஃப்டில் மாட்டிக்கொண்ட பிள்ளைகளுக்குக் கதவுக்கு வெளியே நின்று தைரியம் சொல்வது. ஆனால் நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள் என்று யார் கேட்டாலும் ‘பெயிண்டர்’ என்றுதான் சொல்வார். முதுகுளத்தூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து இருபத்திரண்டு வயதில் வந்தவர், இப்போது ஐம்பத்தெட்டு. கட்டடம் முழுக்க ஐந்தாறு வருஷத்துக்கு ஒருமுறை பெயிண்ட் அடிக்கும்போது உதவிக்கு இரண்டு பேரைக் கூப்பிட்டுக்கொள்வார், தலைமை அவர்தான். அந்த ஒரு மாதம் மட்டும் வெள்ளைச் சட்டை போடுவார். ஒரு சொட்டுத் தெறித்தாலும் மறுநாள் வேலைக்கு வரமாட்டேன் என்று பந்தயம் கட்டுவார். தெறித்ததாக வரலாறு இல்லை.

கடையில் கொடுக்கும் ஷேடு கார்டு நம்பர்கள் அவருக்குப் பிடிக்காது. எல்லா நிறத்துக்கும் தானே பெயர் வைத்திருக்கிறார். லிஃப்ட் கதவின் பழுப்பு, ‘ஆறிப்போன சுலைமானி,’ அதாவது பாலில்லாத டீ. பம்ப் ரூம் பச்சை, ‘ஆஸ்பத்திரி.’ கட்டடம் முழுக்க ஓனர் விரும்பி அடிக்கச் சொல்லும் க்ரீம் நிறத்துக்கு அவர் வைத்த பெயர் ‘நேத்து மோர்.’ ஓனருக்குத் தமிழ் தெரியாதது நல்லதாய்ப் போயிற்று.

அடுத்தவர் வேலையில் குற்றம் கண்டுபிடிப்பது அவருடைய பொழுதுபோக்கு. கிளினிக்கில் டாக்டர் ரத்த அழுத்தம் பார்க்கும்போது இவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். பணம் அனுப்பும் கடையில் வரிசையில் நிற்கும்போது சுவரில் உப்பியிருக்கும் இடத்தை நகத்தால் மெதுவாக நிமிண்டிப் பார்த்து, பக்கத்தில் நிற்பவரிடம் ரகசியம்போலச் சொல்வார்: “சுரண்டாம அடிச்சிருக்கான்.” அவருடைய வேதமே அதுதான். அடிப்பது ஒரு பங்கு வேலை, சுரண்டுவது மூன்று பங்கு வேலை. பழைய பெயிண்டைச் சிமெண்ட் தெரியும்வரை சுரண்டி, தேய்த்து, கழுவி, அதன்பிறகு தொடுகிறவன்தான் பெயிண்டர். மற்றவன் சுவருக்குப் பவுடர் போடுகிறவன். கட்டடத்தின் ஆபீஸைப் பார்த்துக்கொள்ளும் கீழக்கரை ஹபீப் முகம்மது இந்தப் பிரசங்கத்தை முப்பது வருஷமாகக் கேட்டுக் கேட்டு, வேறு கட்டடத்துக்காரர்களிடம் தானே அதை ஓதத் தொடங்கிவிட்டார்.

ஒரே ஒரு விஷயம் உதவிக்கு வருகிறவர்களுக்குப் புரியாது. மாடிப்படிப் பக்கத்து நாலு குடைகளை மட்டும் சோலைமுத்து அவர்களிடம் விடமாட்டார். அவற்றை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவும் மாட்டார். ஈரத் துணியால் பூப்போலத் துடைத்துவிட்டு, தானே மேலாக ஒரு கோட்டு அடித்து முடித்துவிடுவார். ஏன் என்று கேட்டால், ‘அது வெயில் படாத பக்கம்ப்பா’ என்பார். பெரிய பெயிண்டர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவர்களும் போய்விடுவார்கள்.

அவருடைய சொத்துகளில் முக்கியமானது ஓர் ஒட்டுப்பலகை. இரண்டடிக்கு ஒன்றரை அடி. பெயிண்ட் ஈரமாக இருக்கிறது, தொடாதே என்று ஐந்து மொழிகளில் எழுதியது. தமிழ் அவருடையது. மலையாளமும் இந்தியும் ஆங்கிலமும் அன்றைக்கு ரூமில் கூட இருந்தவர்கள் ஆளுக்கொன்றாக எழுதியவை, கோழி கிளறியதுபோல இருக்கும். அரபி வரி மட்டும் அச்சடித்ததுபோல இருக்கும். அதை எழுதியவர் முகந்தீஸ்.

முகந்தீஸ் என்றால் அரபியில் இன்ஜினியர். ஊரில் எத்தனையோ முகந்தீஸ்கள் உண்டு, சோலைமுத்துவுக்கு ஒருவர்தான். இந்தக் கட்டடத்தை வரைந்த பாபிகர். சூடான்காரர், ஓம்துர்மான் என்ற ஊர். ஆறடிக்கு மேல் உயரம், நல்ல கறுப்பு, கன்னத்தில் மூன்று கோடுகளாகப் பழைய தழும்பு. குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு, தான் வரைந்த கட்டடத்திலேயே இரண்டாம் மாடியில் வாடகைக்கு இருந்தார்.

அவரைச் சந்தித்த கதையைச் சோலைமுத்து சொல்லும்போது தன் கன்னத்தில் தானே ஒன்று வைத்துக்கொள்வார். வந்த முதல் வாரம். மாடிப்படியில் பல்பு மாற்ற ஏணி போட்டிருக்கிறார், ஏணி ஆடுகிறது. மேலிருந்து ஒரு கறுத்த பெரியவர் ரொட்டிப் பொட்டலத்தோடு இறங்கி வருகிறார். யாரோ டிரைவர் என்று நினைத்து, இவர் ஏணியைக் காட்டி ‘பக்கடோ’, பிடி என்று இந்தியில் அதட்டியிருக்கிறார். பெரியவர் பொட்டலத்தைப் படியில் வைத்துவிட்டு, அரை மணி நேரம் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அதற்குப் பிறகுதான் ஹபீப் முகம்மது ஓடிவந்து காதைக் கடித்தார். “ஊருல என்னையவே கருவாயன்னுதான் கூப்பிடுவாங்க. அப்பேர்ப்பட்ட நானே, கறுத்த ஆளுன்னா ஏணி பிடிக்க வந்தவருன்னு நெனச்சுட்டேன் பாத்தீகளா,” என்பார் சோலைமுத்து. இதைச் சொல்லும்போது மட்டும் அவர் சிரிப்பதில்லை.

வாசல் மார்பிளும் அதே தப்பைத்தான் செய்திருக்கிறது. வரைந்தவர் பாபிகர்; கையெழுத்துப் போட்டது கம்பெனி. ஒரு காகிதத்திலும் அவர் பெயர் இல்லை. அவர் அதைப் பற்றிப் பேசியதும் இல்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் எதிர்ச் சாரியில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து, சோலைமுத்து வாங்கிக்கொடுக்கும் சுலைமானியைக் குடித்துக்கொண்டு தன் கட்டடத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். சொந்த மகளின் கல்யாணத்தில் பந்தியில் உட்காராமல் ஓரமாக நின்று பார்க்கும் தகப்பனைப்போல இருக்கும் என்று ஹபீப் முகம்மது சொல்வார்.

அப்போதெல்லாம் குடைகளின் உள்பக்கத்துக்கு ஒரு நிறம் இருந்தது. மேலே வெறும் கான்கிரீட். அண்ணாந்து பார்த்தால் தெரியும் அடிப்பக்கம் மட்டும் நீலமும் இல்லாத, ஊதாவும் இல்லாத ஒரு கருநிறம். சோலைமுத்து அதற்கு வைத்த பெயர், ‘நாவப்பழம் தின்ன நாக்கு.’ ஏன் அந்த நிறம் என்று ஒருநாள் கேட்டதற்கு முகந்தீஸ் அரைகுறை இந்தியில் பதில் சொன்னாராம். இந்த ஊரில் வெளிச்சம் எல்லாருக்கும் வேண்டிய மட்டும் கிடைக்கிறது. தெருவில் நடக்கிறவன் கண் கூசி அண்ணாந்தால், அந்தக் கண்ணை வைப்பதற்கு ஓர் இடம் வேண்டும். ஆகவே நான் நிழலுக்கு நிறம் கொடுத்தேன் என்று. அந்த நிறத்தைக் கலக்கத் தானே வாளிகளோடு மூன்று நாள் உட்கார்ந்ததாகவும் சொன்னார்.

தொண்ணூற்று மூன்றில் ஓனர் எங்கோ வெளியூர் போய்த் திரும்பி வந்து, எல்லாமே க்ரீம் கலரில் இருக்கட்டும் என்றார். அடித்தவர் சோலைமுத்து. முகந்தீஸ் கீழே நின்று, கயிற்றுத் தொட்டிலில் இவர் ஒவ்வொரு குடையாகச் சுரண்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோபப்படவில்லை. இறங்கியதும் டீ வாங்கிக்கொடுத்தார். பிறகு ஒரு விரலைக் காட்டி, ஒன்றே ஒன்றை விட்டுவிடு என்றார்.

சோலைமுத்து விட்டார். பின்பக்கம், மூன்றாம் மாடி, பக்கத்துக் கட்டடத்து ஹோட்டலின் புகைக்குழாய்க்கு எதிரே ஒரு குடை. அங்கே ஓனரின் கண் போகாது. அதன்பிறகு ஐந்து முறை பெயிண்ட் அடித்தார். ஐந்து முறையும் அந்தக் குடையின் உள்பக்கத்தைத் தொடவில்லை. இரண்டாயிரத்து ஆறில் முகந்தீஸ் ஊருக்குக் கிளம்பினார். கிளம்புகிற அன்று சோலைமுத்து வாசலில் ஏணிமேல் நின்றுகொண்டிருந்தார். டாக்ஸி வரும்வரை முகந்தீஸ் வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஏணி அன்றைக்கு ஆடவே இல்லை.

இனி, போன மாதம் நடந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை ஹபீப் முகம்மது வந்து, “சோலை, சனிக்கிழமை நம்ம முகந்தீஸ் கட்டுன பில்டிங்னு போட்டோ புடிக்க ஆளு வாறாஹ. சுத்தமா வச்சுக்க,” என்றார். அவ்வளவுதான் சொன்னார், அவருக்குத் தெரிந்ததும் அவ்வளவுதான்.

சோலைமுத்துவுக்குத் தலைகால் புரியவில்லை. பத்தொன்பது வருஷத்துக்குப் பிறகு முகந்தீஸின் பேரைச் சொல்லிக்கொண்டு ஆள் வருகிறது. மாடி முழுக்கக் கழுவினார். புறாக்களை விரட்டினார். கடைசியாகப் பின்பக்கத்துக் குடைக்குப் போனார். கட்டடம் கட்டிய நாளிலிருந்து இருக்கும் நாற்பத்தைந்து வருஷத்து நிறம். ஹோட்டல் புகை ஏறி, செதில் செதிலாக உரிந்து, புறா எச்சத்தோடு தொங்கிக்கொண்டிருந்தது. வருகிறவர்கள் பார்க்கப்போவது இதைத்தானே? விருந்தாளி வரும் வீட்டில் கிழிந்த பாயையா விரிப்பது? அவர் பிறந்த ஊரில் பொங்கலுக்கு வெள்ளையடிக்காத வீட்டில் யாரும் கை நனைக்கமாட்டார்கள்.

ஆகவே சோலைமுத்து தனக்குத் தெரிந்த மரியாதையைச் செய்தார். வியாழக்கிழமை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டார். அந்தக் குடையின் உள்பக்கத்தைச் சிமெண்ட் தெரியும்வரை சுரண்டினார், தேய்த்தார், கழுவினார். ரோலா கடையில் மூன்று டப்பா வாங்கி, பழைய செதில் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அரை நாள் கலந்து கலந்து பார்த்து, அதே நாவல்பழ நிறத்தைக் கொண்டுவந்தார். இரண்டு கோட்டு. கூட்டி அள்ளிய செதில்களைக் கச்சடா டப்பாவில் கொட்டினார். முகந்தீஸ் பார்த்தால் மகிழ்ந்துபோவார் என்று நினைத்ததாக அவரே சொன்னார்.

சனிக்கிழமை வந்தவள் சம்யுக்தா. முப்பது வயது இருக்கும், ஆர்க்கிடெக்ட், ஷார்ஜாவிலேயே பிறந்து வளர்ந்த பெண். தமிழ் பேசினால் இரண்டு வார்த்தைக்கு ஒரு தரம் ஆங்கிலத்தில் போய் உட்கார்ந்துவிடும். வளைகுடா நாடுகளில் கட்டடம் வரைந்து, பெயர் எழுதப்படாமல் போன கறுப்பின ஆர்க்கிடெக்டுகளின் வேலையைத் தேடித் தேடி அளந்து, படம்பிடித்து, கோப்பாகத் தொகுப்பதுதான் அவளும் அவளுடைய நண்பர்களும் எடுத்துக்கொண்ட காரியம். பாபிகரின் பெயரை அவருடைய மகள் வைத்திருந்த கடிதங்களிலிருந்து கண்டுபிடித்திருந்தாள். அவர் இறந்து பதினாலு வருஷமாகிறது என்பதைச் சோலைமுத்து அவள் சொல்லித்தான் தெரிந்துகொண்டார். கொஞ்ச நேரம் படிக்கட்டின் கைப்பிடியைத் துடைத்தார்.

மற்றதையும் அவளே சொன்னாள். ஓம்துர்மான் வீட்டில் இருந்த வரைபடங்கள் உள்நாட்டுச் சண்டையில் வீட்டோடு எரிந்துவிட்டன. சவூதியில், அல் கோபாரில் அவர் கட்டிய கிளினிக்கை இடித்துவிட்டார்கள். மிச்சம் இருப்பது இந்தக் கட்டடம் ஒன்றுதான். இதையும் இடித்துவிட்டு நாற்பது மாடி கட்டலாமா என்று ஓனரின் மகன் யோசிக்கிறான். மாதக் கடைசிக்குள் இவளுடைய கோப்பு பாரம்பரியக் கமிட்டியின் முன்னால் போனால், இது நிற்க ஒரு வழி உண்டு. கிடைத்திருப்பவை பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள். குடைக்குள் ஏதோ ஒரு நிறம் இருந்தது அவற்றில் தெரிகிறது. என்ன நிறம் என்று தெரியவில்லை. மகளுக்கு எழுதிய கடிதத்தில் பாபிகர், என் பெயரை எங்கும் போடவில்லை, பரவாயில்லை, குடைக்குள் நான் கலந்த நிறம் இருக்கிறது என்று எழுதியிருக்கிறார். அந்த நிறம்தான் அவருடைய கையெழுத்து. அது இல்லாவிட்டால் கமிட்டிக்கு இது இன்னொரு பழைய க்ரீம் கலர் கட்டடம்.

அவள் தபால்தலை அளவுக்கு ஆறு இடத்தில் சுரண்டிப் பார்த்தாள். ஆறு இடத்திலும் க்ரீம், அதன்கீழ் க்ரீம், அதன்கீழ் சிமெண்ட்.

“இவ்ளோ க்ளீனா யாரும் பழைய பெயிண்டை எடுக்கமாட்டாங்க அங்கிள்,” என்றாள், பெருமூச்சோடு.

சோலைமுத்துவுக்கு அது பெருமூச்சாகக் கேட்கவில்லை, பாராட்டாகக் கேட்டது. முகம் மலர்ந்து, நீங்கள் தேடுவது என்னிடம் இருக்கிறது என்று அவளைப் பின்பக்கம் அழைத்துக்கொண்டு போனார். ஜன்னலைத் திறந்து, மாப்பிள்ளையைக் காட்டுவதுபோலக் குடையைக் காட்டினார்.

அவள் பார்த்தாள். மூக்கை அருகில் கொண்டுபோனாள். புதுப் பெயிண்ட் வாசனை.

“இது எப்ப அடிச்சது அங்கிள்?”

“முந்தாநேத்துத்தான். நீங்க வாரீகன்னு.”

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். திட்டியிருந்தால்கூட அவருக்குச் சமாளிக்கத் தெரிந்திருக்கும். அவள் திட்டவில்லை, கண்ணாடியைக் கழற்றி வைத்துக்கொண்டு மெதுவாக விளக்கினாள். சோலைமுத்து விடவில்லை. “அதே கலருதான் தாயி. செதிலப் பக்கத்துல வச்சுக்கிட்டுக் கலந்தேன். மசுரளவு வித்தியாசம் இருக்காது.”

“தெரியும் அங்கிள். ஆனா இது நீங்க கலந்தது. எனக்கு அவர் கலந்தது வேணும்.”

சோலைமுத்து ஓடிப்போய்க் கச்சடா டப்பாவைப் பார்த்தார். வெள்ளிக்கிழமை விடியற்காலையே லாரி அள்ளிக்கொண்டு போயிருந்தது. முப்பத்திரண்டு வருஷம் ஓனருக்குத் தெரியாமல் காப்பாற்றியதைத் தன் கையாலேயே துடைத்தாயிற்று. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்த கதை என்று ஊரில் சொல்வார்கள். அதைச் சொல்லிச் சிரிக்கிறவர்கள், பிடித்தவனுடைய முகத்தைப் பார்த்ததில்லை.

தன் ரூமுக்குப் போய் உட்கார்ந்தார். சாப்பாட்டைத் திறக்கவில்லை. சரசுவுக்குப் போன் போட்டார். சரசு அவர் மனைவி. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் கூட இருந்த நாட்களைச் சேர்த்தால் மூன்று வருஷம் தேறாது. மற்ற வாழ்க்கையெல்லாம் இந்தப் போனில்தான் நடந்தது. நடந்ததைச் சொல்லிக்கொண்டு வந்தவர், பாதியில் அழுதுவிட்டார். சரசு அவசரப்படாமல் கேட்டாள். விருந்தாளி வருகிறதென்று வீட்டைக் கழுவியது ஒரு குற்றமா என்றாள். வேறு எங்கும் கொஞ்சம்கூட ஒட்டிக்கொண்டிருக்காதா என்றாள். இருக்காது, நான் சுரண்டினால் சுரண்டினதுதான் என்றார் இவர்.

“ஆமா, ரொம்பத்தான்,” என்றாள் சரசு. “நம்ம கல்யாணத்துக்கு வாரப்ப, ஃப்ளைட்டுக்கு நேரமாச்சுன்னு நாலு நாள் வேலைய ஒரே நாள்ல முடிச்சுட்டு ஓடியாந்தேன்னு எங்கிட்டப் பீத்துனீகளே. அன்னைக்கும் சுரண்டித்தான் அடிச்சீகளாக்கும்?”

சோலைமுத்து போனை வைத்துவிட்டார். வைக்கிறேன் என்று சொல்லக்கூட இல்லை.

சம்யுக்தா கேமராவின் முக்காலியை மடக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஹபீப் முகம்மது நின்றார். அசர் தொழுகைக்கு அவர் கிளம்பும் நேரம். சோலைமுத்து மூச்சிரைக்க வந்து நின்று, ஒரு தப்புச் செய்திருக்கிறேன் என்றார். பரவாயில்லை அங்கிள், விடுங்கள் என்றாள் அவள், பின்பக்கத்துக் குடையைச் சொல்கிறார் என்று எண்ணி.

“அது இல்ல தாயி. இது முப்பத்திரெண்டு வருசத்துத் தப்பு.”

சொல்லிவிட்டு ஹபீப் முகம்மதுவைப் பார்த்தார். கருவாயன் என்றால் கோபப்படமாட்டார், கிளீனர் என்று விசாவில் போட்டதற்கு வருத்தப்பட்டதில்லை. ஆனால் சுரண்டாமல் அடித்தான் என்ற பெயர் தனக்கு வரும் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை. அதைத் தன் வாயாலேயே, முப்பது வருஷம் தன் பிரசங்கத்தைக் கேட்ட மனுஷருக்கு முன்னால் சொல்லவேண்டியிருக்கிறது.

“மாடிப்படிப் பக்கம் நாலு கொடை. தொண்ணூத்தி மூணுல, மறுநா எனக்கு ஃப்ளைட்டு. சுரண்டல. தேய்க்கல. தூசியக்கூடத் தட்டல. அப்படியே மேல க்ரீம அடிச்சுட்டுப் போயிட்டேன். அந்நேரம் அது முகந்தீஸுக்கும் தெரியாது, எவனுக்கும் தெரியாது.”

அதனால்தான் அந்த நாலையும் அவர் யாரிடமும் விடவில்லை. தேய்த்தால் கோட்டு உரியும், உரிந்தால் உள்ளே இருப்பது தெரியும், தெரிந்தால் குட்டு வெளிப்படும். தன் களவை மறைக்கத்தான் இத்தனை வருஷமும் ஈரத் துணியால் துடைத்தார். நல்ல வேலை பார்த்த அறுபது குடைகளில் முகந்தீஸின் நிறம் தூசியாய்ப் போயிற்று; ஏமாற்றிய நாலில் பத்திரமாக இருக்கிறது. கடவுள் எந்தப் பக்கத்து மேஸ்திரி என்று சில சமயம் தெரியத்தான் மாட்டேன் என்கிறது.

ஹபீப் முகம்மது தொழுகைக்கு எடுத்து வைத்த காலைத் திருப்பிக்கொண்டு, அவர்களுக்கு முன்னால் படியேறினார்.

நாலாம் மாடித் திருப்பத்தில் ஜன்னலைத் திறந்து, சோலைமுத்து இடுப்புவரை வெளியே சாய்ந்தார். ஹபீப் முகம்மது பின்னால் நின்று அவருடைய பெல்ட்டைப் பிடித்துக்கொண்டார். குடையின் உள்ஓரத்தில் பிளேடின் நுனியைக் கொடுத்து, சோலைமுத்து ஒரே ஒரு நெம்பு நெம்பினார். தூசிமேல் அடித்த பெயிண்ட், சுவரை அது எந்தக் காலத்திலும் பிடித்துக்கொண்டதே இல்லை. ஆறு தடவை அடித்த நேற்று மோர் அத்தனையும் ஒரே தோலாகக் கிளம்பியது. பால் ஏட்டை எடுப்பதுபோல இரண்டு விரலால் பிடித்துக் கிழியாமல் இழுத்தார். தன் சொந்த வேலை, முப்பத்திரண்டு வருஷத்து வேலை, சுருண்டு அவர் கையோடு வந்தது. அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கீழே விட்டார்.

உள்ளே, தூசிப் படலத்துக்குக் கீழே, ஒரு முழ அகலத்துக்கு நாவல்பழ நிறம். ஈரத் துணியால் ஒருமுறை ஒற்றி எடுத்ததும் அது கண்ணைத் திறந்ததுபோல இருந்தது. பின்பக்கத்தில் அவர் கலந்ததற்கும் இதற்கும் மயிரளவு வித்தியாசம் இருந்தது. முதலில் அதைக் கண்டுபிடித்தவரும் அவர்தான். “நான் நீலத்தக் கூடப் போட்டுட்டேன்,” என்றார்.

சம்யுக்தா படம் எடுத்தாள். ஒரு நிற அட்டையைப் பக்கத்தில் பிடித்து மறுபடி எடுத்தாள். நிறத்தை அளக்கும் மீட்டரை வைத்தாள், குறித்துக்கொண்டாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மற்ற மூன்றையும் திறக்கவேண்டாம், வல்லுநர்கள் வந்து திறக்கட்டும் என்றாள். கோப்புக்கு இது போதும் என்றாள். பிறகு, இவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்ததைப்போல, தொட்டுப் பார்க்கக் கையை நீட்டினாள்.

“தொடாதீக தாயி,” என்றார் சோலைமுத்து.

தானும் தொடவில்லை. வலது புறங்கையை அதன் அருகே கொண்டுபோனார். ஒரு நூலிழை தூரத்தில் அப்படியே நிறுத்தி, பின்னால் இழுத்துக்கொண்டார். பிறகு அவர்களை அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டு, லிஃப்டுக்குக் காத்திராமல் நாலு மாடியும் இறங்கி ரூமுக்குப் போனார். திரும்பி வரும்போது கக்கத்தில் அந்த ஒட்டுப்பலகை இருந்தது. அரபி வரி வெளியே தெரியும்படி அதை ஜன்னல் கொண்டியில் மாட்டி, கோணலாக இருக்கிறதா என்று பின்னால் நகர்ந்து பார்த்துவிட்டு, கயிற்றை இன்னொரு முடிச்சுப் போட்டார்.